அலைபாயும் மனமும் அறிஞர் வில்லியம் ஜேம்ஸும்

தொழுகைக்கு நிற்கிறோம், உடல் வரிசையில் நிற்கிறது, உள்ளமோ கடைவீதிக்குச் சென்றுவிடுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனின் கண்கள் வரிகளின்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன; பக்கம் முடிந்த பின்னர்தான் ஒரு சொல்லும் உள்ளே நுழையவில்லை என்று அவன் உணர்கிறான். சிதறிய மனத்தைத் திரும்ப அழைத்து வருவது எப்படி? இவ்வினா எளியதாகத் தோன்றலாம். ஆனால் உலகின் பெரும் சமயங்களும் மேலை நாட்டு உளவியலும் இவ்வொரு வினாவின் வாயிலில் வந்து சந்திக்கின்றன.

ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர்க் கங்கைச் சமவெளியில் வாழ்ந்த புத்தர், மனத்தை உற்று நோக்கி அதன் இயல்புகளை வகுத்துரைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளவியல் ஒரு தனி அறிவியலாக உருப்பெற்றது. காலத்தாலும் இடத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இவ்விரண்டும் எந்த இடத்தில் நெருங்குகின்றன, எந்த இடத்தில் விலகுகின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு ஒருவருடைய வாழ்க்கை சிறந்த வழிகாட்டியாக அமைகிறது. அவர்தாம் அமெரிக்க உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் ஜேம்ஸ். தம் மனத்தோடு தாமே போராடி வென்றவர் அவர். ஆதலின் அவர் எழுதிய உளவியல் ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் வாழ்வில் விளைந்த பயிராக இருக்கிறது.

பிறப்பும் இளமையும்

வில்லியம் ஜேம்ஸ் 1842-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு அமெரிக்காவுக்கு வந்து, ஆல்பனி நகரில் வணிகம் செய்து பெருஞ்செல்வம் ஈட்டியவர். அச்செல்வத்தின் பயனாகத் தந்தையார் ஹென்றி ஜேம்ஸ் பொருளீட்டும் கவலையின்றிச் சமய ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தந்தையார் சிறு வயதில் தீ விபத்தொன்றில் சிக்கி ஒரு காலை இழந்தவர். 1844-இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, காரணம் புலப்படாத ஒரு பேரச்சம் அவரைப் பற்றியது. சுவீடன் நாட்டு ஞானி சுவீடன்போர்க்கின் நூல்களே பின்னர் அவருக்கு அமைதி தந்தன. இச்செய்தியை இங்கே நினைவிற் கொள்வது நலம். தந்தையைப் பற்றிய அவ்வச்சம் பின்னாளில் மகனையும் தேடி வந்தது.

ஐந்து மக்களுள் வில்லியம் மூத்தவர். இளவலான ஹென்றி ஜேம்ஸ் ஆங்கில நாவல் உலகில் அழியாப் புகழ் பெற்றார். தங்கை ஆலிஸ் எழுதிய நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் இலக்கியமாகப் போற்றப்பட்டது. மற்றைய தம்பியர் இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தவர் படைப்பிரிவுகளில் அலுவலர்களாகப் பணியாற்றினர். அவர்களுள் ஒருவர் 1863-இல் கடுங்காயமுற்றார். உடல்நலம் குன்றிய வில்லியம் போருக்குச் செல்லவில்லை.

கல்வியிலும் அவர் ஒரு வழியே சென்றவர் அல்லர். ஜெனீவா, பாரிஸ், பான் முதலிய நகரங்களில் மாறிமாறிப் பயின்றார். ஓவியராக வேண்டும் என்ற ஆசையால் 1860-இல் நியூபோர்ட் நகரில் வில்லியம் மோரிஸ் ஹன்ட் என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஓராண்டிற்குள் அதனைக் கைவிட்டார். 1861-இல் ஹார்வர்டில் வேதியியல் கற்கத் தொடங்கினார். பின் உடலியலுக்கு மாறினார். 1864-இல் மருத்துவக் கல்வியில் நுழைந்தார். அடுத்த ஆண்டு லூயி அகாசி என்னும் இயற்கை நூலறிஞரோடு பிரேசில் நாட்டிற்குச் சென்று, அங்கே அம்மை நோய்க்கு ஆளாகித் திரும்பினார். 1867-இல் செர்மனி சென்று உடலியல் ஆய்வுகளைக் கண்டறிந்தார். 1869-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் ஒரு நாளும் அவர் மருத்துவராகத் தொழில் புரியவில்லை.

இருள் சூழ்ந்த நாட்கள்

பட்டம் பெற்றவர் பணியில் அமர்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஜேம்ஸ் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தார். முதுகுவலி, கண்நோய், உறக்கமின்மை ஆகியவற்றோடு ஆழ்ந்த மனச்சோர்வும் சேர்ந்தது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அவரை அலைக்கழித்தது. அக்கால அறிவியல், மனிதனையும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்ட ஓர் எந்திரமாகவே காட்டியது. எல்லாம் முன்னரே முடிவு செய்யப்பட்டவை என்றால், நன்மையைத் தேர்ந்தெடுக்க நான் யார் என்ற வினா அவரை வாட்டியது.

ஒரு நாள் மாலை மங்கிய ஒளியில் தம் அறைக்குள் சென்றபோது, முன்பு மனநோய் இல்லத்தில் தாம் கண்ட ஓர் இளைஞனின் உருவம் திடீரென அவர் உள்ளத்தில் தோன்றியது. முழங்கால்களை மடக்கிக்கொண்டு, நாள் முழுவதும் அசைவின்றி, பார்வையில் உயிரின்றி அமர்ந்திருந்தவன் அவன். அவனுக்கு நேர்ந்தது எனக்கும் நேரலாம். என்னைக் காப்பதற்கு என்னிடம் உள்ளது எதுவுமில்லை என்ற எண்ணம் ஜேம்ஸை நடுங்க வைத்தது. அந்நாள் முதல் பல திங்கள் இருளில் தனித்துச் செல்லவும் அவர் அஞ்சினார். இறைவனே அடைக்கலம் என்னும் பொருளுடைய வேத வாசகங்களைப் பற்றிக்கொண்டிராவிட்டால் தம் அறிவு பேதலித்திருக்கும் என்று பின்னர் அவர் எழுதினார். 1902-இல் வெளிவந்த தம் நூலில் இந்நிகழ்ச்சியைப் பெயர் குறியாத ஒரு பிரெஞ்சுக்காரரின் அனுபவமாகவே அவர் குறித்திருந்தார். அது தம் சொந்த அனுபவமே என்பதைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரிடம் பின்னர் ஒப்புக்கொண்டார்.

புத்தரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. இளவரசர் சித்தார்த்தர் முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டார். இவை எனக்கும் உரியவை என்ற உணர்வு அவரை அரண்மனையிலிருந்து வெளியேற்றியது. பிறர் துன்பத்தில் தம் நிலையைக் கண்ட அக்கணமே இருவர் வாழ்விலும் திருப்புமுனை ஆயிற்று.

ஜேம்ஸுக்கு விடிவு 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் இறுதியில் பிறந்தது. ரெனூவியே என்னும் பிரெஞ்சு மெய்யியலாரின் கட்டுரையை அவர் படித்தார். வேறு எண்ணங்கள் வரக்கூடிய நிலையிலும், நான் விரும்பிய ஓர் எண்ணத்தை என் விருப்பத்தினாலேயே நிலைநிறுத்திக்கொள்வதுதான் மனிதனின் சுதந்திரம் என்ற கருத்து அவர் உள்ளத்தைத் தைத்தது. உரிமையுள்ள மனத்தின் முதற்செயல், அவ்வுரிமை உண்டு என்று நம்புவதே ஆகட்டும் எனத் தம் நாட்குறிப்பில் உறுதி பூண்டார். நோய் உடனே நீங்கிவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் சோர்வு அவ்வப்போது வந்து சென்றது. எனினும் கைப்பிடிக்க ஒரு கோல் கிடைத்துவிட்டது. மனத்தை ஓர் எண்ணத்தில் நிறுத்துதல் என்னும் அக்கோலே பின்னாளில் அவருடைய உளவியலின் நடுத்தூணாயிற்று.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

1872-இல் ஹார்வர்டு கல்லூரி அவரை உடலியல் கற்பிக்க அமர்த்தியது. 1875-இல் உளவியல் பாடத்தைத் தொடங்கினார். செயல்முறை ஆய்வுகளுக்கென ஓரிரு அறைகளையும் ஏற்படுத்தினார். அமெரிக்காவில் உளவியல் ஆய்வகத்தின் தொடக்கம் அதுவே என்பர். 1878-இல் ஆலிஸ் கிப்பன்ஸ் என்னும் ஆசிரியையை மணந்தார். அதே ஆண்டில் உளவியல் பாடநூல் ஒன்று எழுதித் தருவதாக ஒரு பதிப்பாளருக்கு உறுதியளித்தார். இரண்டாண்டில் முடிப்பதாகச் சொன்ன நூல் முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் தந்தையும் தாயும் மறைந்தனர். 1885-இல் கைக்குழந்தையான மகனைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தார். இறுதியில் 1890-இல் உளவியல் கோட்பாடுகள் என்னும் பெருநூல் 28 இயல்களோடு, ஏறத்தாழ 1400 பக்கங்களில், இரு தொகுதிகளாக வெளிவந்தது.

இந்நூலில் பௌத்தத்தைக் கற்று அதிலிருந்து அவர் கடன் வாங்கினார் என்று கூறுதல் பொருந்தாது. தம் மனத்தைத் தாமே நோக்கியும், உடலியல் அறிவைத் துணைக்கொண்டும் அவர் எழுதினார். அவ்வாறு தனிவழியே சென்றவர் பௌத்தர்கள் முன்பே கண்ட சில இடங்களுக்கு வந்து சேர்ந்தார் என்பதே வியப்புக்குரியது.

ஓடும் நீராய் மனம்

ஜேம்ஸுக்கு முற்பட்ட உளவியலார் பலர், மனத்தைத் தனித்தனி எண்ணங்கள் கோத்த மாலையாகக் கருதினர். ஜேம்ஸ் அதனை மறுத்தார். மனம் ஒரு கணமும் நில்லாது மாறிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை வந்த உணர்வு அதே வடிவில் மீண்டும் வருவதில்லை. எனினும் இடையறாது தொடர்கிறது. ஆகவே அதனை ஓர் ஆற்றின் ஓட்டத்திற்கு ஒப்பிட்டார். இலக்கிய மாணவர்கள் அறிந்த நனவோடை என்னும் சொல்லின் பிறப்பிடம் இதுவே. லா.ச. ராமாமிர்தம், நகுலன் ஆகியோரின் புனைகதைகளைப் பற்றிப் பேசும்போது நம் திறனாய்வாளர்கள் ஆளும் இச்சொல், ஓர் உளவியலறிஞர் பரப்பிய உவமையின் வழிவந்ததாகும்.

எல்லாம் நிலையற்றவை என்பது பௌத்தத்தின் அடிப்படை. உடலைவிட மனமே விரைந்து மாறுவது என்பதும் அவர்கள் கொள்கை. ஜேம்ஸின் ஓட்டமும் பௌத்தரின் நிலையாமையும் இங்கே கைகோக்கின்றன.

பழக்கம் பற்றிய ஜேம்ஸின் இயலும் இங்குக் குறிப்பிடத்தக்கது. நாம் செய்யும் ஒவ்வொரு சிறு செயலும் நரம்பு மண்டலத்தில் தன் தடத்தைப் பதிக்கிறது. இன்றைய செயல் நாளைய இயல்பாகிறது என்று அவர் விளக்கினார். முந்தைய செயல்களின் பதிவே பின்வரும் உணர்வுக்கு வடிவம் தருகிறது என்பது பௌத்தரின் சார்புக் கொள்கை. அக்கொள்கையின் பன்னிரு கண்ணிகளைத் தமிழில் முறையாக எடுத்துரைத்த காப்பியம் நம் மணிமேகலை என்பதைத் தமிழ் மாணவர்கள் பெருமையோடு நினைக்கலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் அறவுரையில் செய்கை, உணர்வு, ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என ஒன்றிலிருந்து ஒன்று தோன்றும் முறை அழகுற அமைந்துள்ளது. உளவியல் மாணவர் ஒருவர் இன்று படித்தாலும் அச்சொற்கள் அவருக்குப் பழகிய சொற்களாகவே தோன்றும்.

நான் என்பது எது?

உளவியல் கோட்பாடுகளில் தன்னுணர்வு பற்றிய இயல் மிக நீண்டது. நான் என்று நாம் சொல்வதை ஜேம்ஸ் பகுத்துக் காட்டினார். உடலும் உடையும் வீடும் பொருளும் ஒரு நான்; பிறர் என்னைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பு மற்றொரு நான்; என் எண்ணமும் விருப்பமும் இன்னொரு நான். இவற்றுக்கெல்லாம் பின்னால் நின்று எண்ணுபவன் ஒருவன் தனியே உளனா? உளவியலின் எல்லைக்குள் நின்று பேசுங்கால், ஓடிக்கொண்டிருக்கும் எண்ணமே எண்ணுபவனாகவும் இருக்கிறது. ஒவ்வோர் எண்ணமும் தனக்கு முந்தியதின் உடைமைகளை ஏற்றுக்கொண்டு அடுத்ததற்குக் கைமாற்றித் தருகிறது. தனியே ஓர் ஆன்மாவைக் கருதாமலே மன நிகழ்ச்சிகளை விளக்கலாம் என்று அவர் முடிவு கூறினார்.

மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் இடையே நடந்ததாகப் பௌத்த நூல் கூறும் உரையாடலை அறிந்தோர் இதனை வியப்போடு படிப்பர். சக்கரமும் அச்சும் நுகமும் சேர்ந்த சேர்க்கைக்கே தேர் என்று பெயர். அதுபோல உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் சேர்க்கைக்கே ஆள் என்று பெயர் என நாகசேனர் விளக்குகிறார். இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல என்பது அவர் கூறும் மற்றோர் உவமை. கைமாறும் எண்ணமும் தொடர்ந்தெரியும் சுடரும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள்.

ஆயினும் வேறுபாட்டை மறைத்தல் ஆய்வுநெறி ஆகாது. ஜேம்ஸ் ஆன்மா இல்லை என்று சாதிக்க வரவில்லை. உளவியல் என்னும் அறிவியலுக்கு அக்கருத்து தேவைப்படவில்லை என்ற அளவிலேயே நின்றார். பௌத்தமோ நான் என்னும் பற்றே துன்பத்தின் வேர் என்று கண்டு, அதனை அறுப்பதை வாழ்வின் குறிக்கோளாக வைத்தது. ஒருவருக்கு அது விளக்கம்; மற்றவருக்கு அது விடுதலை. ரூஹ் எனப்படும் உயிரை இறைவனின் கட்டளையைச் சார்ந்ததாகக் கொள்ளும் இஸ்லாமிய நம்பிக்கை இவ்விரண்டினின்றும் வேறானது. எனினும் தன்னை உயர்வாக எண்ணும் நஃப்ஸின் சூழ்ச்சிகளை ஆராய்வதில் நம் ஞானியரும் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர்.

சிதறும் கவனமும் ஜேம்ஸின் ஏக்கமும்

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். கவனம் பற்றித் தனி இயல் ஒன்றை ஜேம்ஸ் எழுதினார். நம் விருப்பத்தினால் ஒரு பொருளில் மனத்தை நிறுத்தினால், அது சில நொடிகளுக்கு மேல் நிற்பதில்லை என்று அவர் கண்டார். நீண்ட நேரம் கவனித்தோம் என்று நாம் சொல்வது, நழுவிய மனத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்ததையே குறிக்கும். இவ்வாறு அலையும் மனத்தை மீட்டுவரும் ஆற்றலே நல்ல தீர்ப்புக்கும் ஒழுக்கத்துக்கும் மன உறுதிக்கும் வேர். அது இல்லாதவன் தன்னைத் தான் ஆளாதவன். இவ்வாற்றலை வளர்க்கும் கல்வியே கல்வியுள் தலையாயது என்றும் அவர் எழுதினார். ஆனால் இவ்வளவும் சொல்லிவிட்டு, அத்தகைய கல்வியை இலக்கணப்படுத்துவது எளிது, அதனை அடையும் நடைமுறை வழியைச் சொல்வதுதான் அரிது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

பெருநூல் ஒன்றின் நடுவில் வரும் இவ்வொப்புதல் ஜேம்ஸின் பெருந்தன்மையைக் காட்டுகிறது. 1870-இல் தம் உயிரைக் காத்த ஆற்றல் அது. அதன் பெயரை அறிந்தார். அதன் பயனை அறிந்தார். பிறருக்கு அதனைக் கற்பிக்கும் வழியை மட்டும் அவர் காணவில்லை.

அவ்வழி ஒன்று பாலி மொழி நூல்களில் இருந்தது. உடல், நுகர்ச்சி, மனம், மனத்தில் எழும் பொருள்கள் என நான்கினையும் விழிப்போடு நோக்கும் பயிற்சியைப் புத்தர் கற்பித்தார். மூச்சு நீண்டு செல்கையில் நீண்டு செல்கிறது என்றும், குறுகுகையில் குறுகுகிறது என்றும் அறிந்திருக்க வேண்டும். கடைசல் தொழிலில் கைதேர்ந்தவன் தன் கை இழுப்பு நீண்டதா குறுகியதா என்பதை அறிந்தே இழுப்பதை இதற்கு உவமையாகக் கூறுவர். மனம் சிதறினால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. சிதறியதை அறிந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். திரும்புதலே பயிற்சி. ஜேம்ஸ் தேடிய நடைமுறை வழியின் ஒரு வடிவம் இதுவே என்று பின்வந்த அறிஞர் பலர் கருதினர்.

1881-இல் இலண்டனில் பாலி நூற்கழகம் தொடங்கப்பட்டது. ஜேம்ஸ் பணியாற்றிய ஹார்வர்டிலேயே 1896-இல் ஹென்றி கிளார்க் வாரன் என்பவர் பௌத்த நூற்பகுதிகளை மொழிபெயர்த்து வெளியிட்டார். கரோலின் ரைஸ் டேவிட்ஸ் அம்மையார் அபிதம்ம நூலொன்றை 1900-இல் ஆங்கிலத்தில் தந்து, அதனைப் பௌத்தரின் உளவியல் அறநூல் என்றே அழைத்தார். 1914-இல் பௌத்த உளவியல் என்ற பெயரிலேயே தனிநூல் எழுதினார். இரு மரபுகளும் அடுத்தடுத்த அறைகளுக்கு வந்துவிட்டன; இடைக்கதவு மட்டும் இன்னும் முழுதும் திறக்கவில்லை.

எடின்பரோ சொற்பொழிவுகள்

1898-இல் மலையேற்றத்தின்போது ஜேம்ஸின் இதயம் பழுதுற்றது. அந்நலிவோடே அவர் 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 20 சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவையே சமய அனுபவத்தின் வகைகள் என்னும் புகழ்பெற்ற நூலாயின. சமயத்தை மூடநம்பிக்கை என்றோ நோய் என்றோ ஒதுக்கும் போக்கு அறிஞரிடையே மிகுந்திருந்த காலம் அது. ஜேம்ஸோ, வேரை வைத்து அன்று, கனியை வைத்தே சமய அனுபவத்தை மதிப்பிட வேண்டும் என்று வாதிட்டார். கிறித்தவச் சூழலில் வளர்ந்த அவர், பிற சமயத்தாரின் அனுபவங்களையும் சான்றாகக் கொண்டார்.

அச்சொற்பொழிவுகளில் பௌத்தம் பலவிடங்களில் இடம்பெறுகிறது. படைத்தவன் ஒருவனைப் பற்றிப் பேசாவிடினும் பௌத்தம் சமயமே என்று அவர் கொண்டார். உலகின் துன்பத்தை முகத்துக்கு முகம் கண்டு, அதிலிருந்து மீட்சி தேடும் சமயங்களுள் கிறித்தவத்தோடு பௌத்தத்தையும் முன்வரிசையில் வைத்தார். தியானத்தின் நான்கு படிநிலைகளையும் எடுத்துக்காட்டினார். நூலின் பின்னுரையில், பௌத்தத்தைப் பற்றித் தாம் அறிந்தது குறைவே என்று முதலில் ஒப்புக்கொண்டு, தாம் விளங்கிக்கொண்ட அளவில் கன்மக் கொள்கையோடு அடிப்படையில் உடன்படுவதாகக் கூறினார்.

இதே நூலில் நம் உள்ளம் குளிரும் செய்தி ஒன்றும் உண்டு. இமாம் கஸ்ஸாலியின் தன்வரலாற்று நூலான அல்முன்கிதிலிருந்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாக, நீண்ட பகுதியொன்றை ஜேம்ஸ் எடுத்தாண்டுள்ளார். பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் புகழின் உச்சியில் இருந்த இமாம் அவர்கள், 1095-ஆம் ஆண்டில் மன நெருக்கடிக்கு ஆளாகி, பாடம் சொல்ல நா எழாமல், பதவியைத் துறந்து வெளியேறியவர்கள். ஆசிரியராக இருந்து மனம் நொந்த ஜேம்ஸுக்கு அவ்வரலாறு எத்துணை நெருக்கமாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிந்திருத்தல் வேறு, நலமாக இருத்தல் வேறு என்ற இமாம் அவர்களின் கருத்து அப்பகுதியில் அடங்கியுள்ளது. கவனத்தின் இலக்கணத்தை எழுதியும் அதன் வழியைத் தேடி ஏங்கிய ஜேம்ஸின் நிலையை இதனைவிடத் தெளிவாக உரைக்க இயலாது. இஹ்யா உலூமித்தீனில் முராக்கபா, முஹாசபா எனத் தன்னைத் தானே கண்காணித்தலுக்கும் தன்னோடு தானே கணக்குப் பார்த்தலுக்கும் இமாம் அவர்கள் ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தர்மபாலர் சந்திப்பு

இலங்கையின் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநாகரிக தர்மபாலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குச் சென்றபோது, ஹார்வர்டில் ஜேம்ஸின் வகுப்புக்குச் சென்றதாகவும், ஜேம்ஸ் அவரைக் கண்டதும் தம் இருக்கையை அவருக்கு அளித்துப் பேசச் சொன்னதாகவும், பௌத்தரின் மன ஆராய்ச்சியே இருபத்தைந்து ஆண்டுகளில் எல்லோரும் கற்கும் உளவியலாகும் எனக் கூறியதாகவும் தர்மபாலரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. செவிவழி வந்த சொற்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. எனினும் அறிந்தவர் வந்தால் எழுந்து இடங்கொடுக்கும் பண்பு ஜேம்ஸின் இயல்புக்கு முற்றும் பொருந்துவதே. அவர் கூறியதாகச் சொல்லப்படும் கணக்கும் பிழையாயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்க உளவியல் மனத்தையே ஒதுக்கிவிட்டுப் புறநடத்தையை மட்டும் ஆராயும் நெறிக்குச் சென்றுவிட்டது. இடைக்கதவு திறக்க இன்னும் பல்லாண்டுகள் ஆயின.

இறுதி நாட்கள்

1907-இல் ஜேம்ஸ் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். பயன்வழிக் கொள்கை பற்றிய அவருடைய நூல் அதே ஆண்டில் வெளிவந்தது. பிலிப்பைன்சு நாட்டை அமெரிக்கா அடிமைப்படுத்தியதை வெளிப்படையாகக் கண்டித்தவர் அவர். போரில் வெளிப்படும் வீரத்தை ஆக்கப் பணிகளுக்குத் திருப்ப வேண்டும் என்று 1910-இல் கட்டுரை எழுதினார்.

1909-ஆம் ஆண்டு செப்டம்பரில் வூஸ்டர் நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு சிக்மண்ட் பிராய்டு வந்திருந்தார். அவரை அழைத்த தலைவர் ஸ்டான்லி ஹால், ஒரு காலத்தில் ஜேம்ஸிடம் பயின்றவர். ஜேம்ஸும் அங்குச் சென்றார். இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸுக்கு நெஞ்சுவலி கண்டது. கையிலிருந்த பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னே நடக்குமாறும் வலி தீர்ந்ததும் வந்து சேர்ந்துகொள்வதாகவும் அமைதியாகக் கூறினார். மரணம் அருகில் வரும்போது தாமும் அவ்வாறு அஞ்சாதிருக்க வேண்டும் என்று விழைந்ததாகப் பிராய்டு பின்னர் எழுதினார். இருளுக்கு அஞ்சி நடுங்கிய இளைஞர் நாற்பது ஆண்டுகளில் அடைந்த நிலை அது. 1910 ஆகஸ்ட் 26-ஆம் நாள் நியூஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சொகோருவா இல்லத்தில், தம் 68-ஆம் வயதில், மனைவியின் கைகளில் அவர் உயிர் நீத்தார். தம்பி ஹென்றி அந்நாட்களில் உடனிருந்தார்.

விதைத்ததும் விளைந்ததும்

ஜேம்ஸ் மறைந்த மறு ஆண்டே அவர் கருத்து கிழக்கில் முளைவிட்டது. சப்பானிய அறிஞர் டி.டி. சுசுகி, ஜேம்ஸின் சமய நூலைத் தம் நண்பர் நிஷிதா கிதாரோவுக்குப் பரிந்துரைத்திருந்தார். அறிபவன், அறியப்படும் பொருள் என்ற பிரிவுக்கு முற்பட்ட தூய அனுபவம் என்ற ஜேம்ஸின் கருத்தை ஏற்று, அதனைச் சென் பௌத்தப் பயிற்சியோடு இணைத்து, நன்மை பற்றிய ஆராய்ச்சி என்னும் நூலை நிஷிதா 1911-இல் வெளியிட்டார். பின்னாளில் யுங், சுசுகியின் நூலுக்கு முன்னுரை வழங்கினார். 1957-இல் மெக்சிகோ நாட்டில் எரிக் பிராம் முதலிய உளப்பகுப்பாய்வாளர்கள் சுசுகியோடு ஒரே அவையில் அமர்ந்து உரையாடினர்.

ஜேம்ஸ் பிராய்டைச் சந்தித்த அதே வூஸ்டர் நகரில், சரியாக 70 ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீரா வலியும் மன இறுக்கமும் உடைய நோயாளிகளுக்கு, எட்டு வாரங்கள், மூச்சையும் உடலையும் விழிப்போடு நோக்கக் கற்பித்தார். இதனையொட்டி உளவியலார் சிலர் வகுத்த முறை, பலமுறை மனச்சோர்வுக்கு ஆளானவர்க்கு அந்நோய் மீளாது தடுக்க உதவுகிறது என்று 2000-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஜேம்ஸ் வாடிய நோய்க்கு, அவர் தேடிய பயிற்சியே ஒரு மருந்தாயிற்று. எல்லா நோய்க்கும் அது மருந்தன்று. எல்லோர்க்கும் ஒரே வகையில் பயன் தருவதும் அன்று. ஆயினும் இடைக்கதவு திறந்துவிட்டது.

பௌத்த அறிஞர் சிலர் எழுப்பும் தடை ஒன்றையும் இங்கே கூறியாக வேண்டும். புத்தர் விழிப்பை மட்டும் தனியே கற்பிக்கவில்லை; நற்சொல், நற்செயல், நல்வாழ்க்கை ஆகியவற்றோடு சேர்த்தே எட்டு நெறிகளாகக் கற்பித்தார். ஒழுக்கத்தை நீக்கிவிட்டுக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அது வேலைத்திறனைப் பெருக்கும் கருவியாகச் சுருங்கிவிடும். குறிபார்த்து அம்பெய்யும் கொலைஞனிடமும் கவனம் உண்டு. இத்தடையை ஜேம்ஸும் ஏற்றிருப்பார் என்று கருத இடமுண்டு. அவருக்குக் கவனம் என்பது நல்ல எண்ணத்தை மனத்தில் நிலைநிறுத்தும் அறப்போராட்டமே அன்றி வேறன்று.

மாணவச் செல்வங்களே! நம் கைகளில் உள்ள சிறு கருவிகள் நம் கவனத்தை நொடிக்கு நொடி பறித்துச் செல்லும் காலம் இது. ஜேம்ஸின் வினா அவர் காலத்தைவிட நம் காலத்துக்கே மிகுதியும் உரியது. அவர் தம் அறியாமையை மறைக்கவில்லை. கீழைநாட்டார் சொல்வதைக் கேட்க நாணவில்லை. பௌத்தக் கருத்துகளையும் இமாம் கஸ்ஸாலியையும் மதித்து எடுத்தாண்டார். நம் நம்பிக்கையில் உறுதியாக நின்றுகொண்டே பிறர் கண்ட நல்லறிவை மதிக்க நமக்கும் இயலும். நாளை தொழுகையிலோ பாடத்திலோ மனம் விலகிச் செல்லும்போது சோர்ந்துவிட வேண்டா. விலகியதை அறிந்த அக்கணமே திரும்புங்கள். மீண்டும் விலகினால் மீண்டும் திரும்புங்கள். அத்திரும்புதலில்தான் மனிதனின் உரிமை இருக்கிறது என்பதே ஜேம்ஸின் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடம்.